தானே வழி காணும் படகு: எதனை வாங்குவது?

பொறியியல் பயிலும் மகனோ, மேல்வகுப்பில் படிக்கும் மகளோ ஒரு நாள் தந்தையிடம் வந்து, "அப்பா, ரேடியோவால் இயங்கும் படகு ஒன்று வேண்டும்" என்று கேட்கின்றார்கள். விளையாட்டுக்காக அவர்கள் கேட்கவில்லை. யாரும் செலுத்தாமல், குறித்த இடத்துக்குத் தானே சென்று தானே திரும்பி வரும் படகு ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆவல். நல்ல ஆவல்தான். ஆனால், வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக எஞ்சுவதைக் கொண்டு காலம் தள்ளும் நம் போன்ற குடும்பங்களில், தவறான படகு ஒன்றை வாங்கிவிட்டால் இரண்டாவது படகு வாங்க வழி இராது. பிள்ளையின் ஆவலும் அந்த முதற் படகோடு மூழ்கிப்போகும். ஆகவே, வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

ரேடியோவால் படகு செலுத்தும் கலை புதியதன்று. 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், நிக்கோலா டெஸ்லா என்னும் பேரறிஞர் சிறு படகு ஒன்றை நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு இல்லாமலே அதனைத் திருப்பிக் காட்டினார். அந்தப் படகு மனிதனின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தது. தன் வழியைத் தானே அறியவில்லை. 2018-ஆம் ஆண்டிலோ, ஏறத்தாழ 2 மீட்டர் நீளமே உள்ள ஆளில்லாப் பாய்ப்படகு ஒன்று, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து புறப்பட்டு 80 நாளில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அயர்லாந்தை அடைந்தது. எஸ்.பி. மெட் என்பது அதன் பெயர். அதனை அக்கரை சேர்த்தது வேகமன்று, பொறுமையும் உறுதியுமே. நம் பிள்ளைகளின் படகுக்கும் இவ்விரண்டுமே வேண்டும்.

படகு எவ்வாறு வழி அறிகின்றது?

இதனைத் தெரிந்துகொண்டால் எந்தப் படகு ஏற்றது என்பது தானே விளங்கும். செயற்கைக்கோள்களிலிருந்து வரும் குறிப்புகளைக் கொண்டு, ஜி.பி.எஸ். கருவி படகு இருக்கும் இடத்தைச் சொல்கின்றது. மின்னணுத் திசைகாட்டி, படகின் முகம் எத்திசை நோக்கியுள்ளது என்பதைச் சொல்கின்றது. சிறு கணினிப் பலகை ஒன்று இவ்விரண்டையும் பெற்று, சேர வேண்டிய இடம் எத்திசையில் உள்ளது என்று கணக்கிட்டு, இடப்புறம் திரும்பு, வலப்புறம் திரும்பு என்று மோட்டாருக்கு ஆணையிடுகின்றது. நொடிக்குப் பல முறை இக்கணக்கு நடைபெறும்.

இக்கணக்கைச் செய்யும் மென்பொருளை எழுத வேண்டிய தொல்லையும் இல்லை. ஆர்டுபைலட் என்னும் மென்பொருள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. அதில் ரோவர் என்னும் பகுதி, தரையில் ஓடும் வண்டிகளுக்கும் நீரில் செல்லும் படகுகளுக்கும் உரியது. ஆதலால் செலவு படகிலும் கருவிகளிலும்தான்.

சாதாரண ஜி.பி.எஸ். கருவி, திறந்த வெளியிலும்கூடச் சில மீட்டர் பிழையோடுதான் இடத்தைச் சொல்லும் என்பதை மறக்கலாகாது. ஆகவே, அடுக்குமாடிக் குடியிருப்பின் சிறு நீச்சல் குளம் இச்சோதனைக்குப் போதாது. நாற்புறமும் உயர்ந்த கட்டிடங்கள் இருப்பின் பிழை இன்னும் மிகும்.

வேகம் ஏன் வேண்டாம்?

கடையில் நம் கண்ணைக் கவர்வது பந்தயப் படகுதான். கூரிய மூக்கு, பளபளக்கும் வண்ணம், மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகம் என்னும் விளம்பரம். சோதனைக்கு இதனை வாங்குதல் கூடாது. காரணத்தைக் கணக்கால் காட்டுவோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். ஜி.பி.எஸ். கருவி நொடிக்கு ஐந்து முறை இடம் சொல்வதாகக் கொண்டால், ஒரு குறிப்புக்கும் அடுத்த குறிப்புக்கும் இடையில் படகு 2 மீட்டர் பாய்ந்துவிடும். கணக்கு முடிவதற்குள் கரையில் மோதும். நொடிக்கு 1 மீட்டர் செல்லும் படகோ அதே இடைவேளையில் 20 சென்டிமீட்டரே நகரும். அதன் பிழையைக் கண்ணால் கண்டு திருத்தலாம். மேலும், பந்தயப் படகின் உடல் வேகத்தில் மேலெழுந்து செல்லுமாறு அமைந்தது. மெல்லச் செல்கையில் அது நேர்வழி நில்லாது. உள்ளே கருவி வைக்க இடமும் குறைவு.

சுமை தாங்குமா?

அடுத்துப் பார்க்க வேண்டியது படகின் அகலம். கணினிப் பலகை, ஜி.பி.எஸ்., பாட்டரி, நீர் புகாத டப்பா ஆகியவை சேர்ந்து 300 கிராம் எடை என்று கொள்வோம். நீர் மட்டத்தில் படகின் பரப்பு எத்தனை சதுர சென்டிமீட்டரோ, அத்தனை கிராம் ஏற்றினால் படகு 1 சென்டிமீட்டர் அமிழும். இஃது எளிய விதி. 30 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பொம்மைப் படகின் பரப்பு, முனை குறுகுவதைக் கழித்தால், சுமார் 225 சதுர சென்டிமீட்டர். 300 கிராம் ஏற்றினால் அது 1.3 சென்டிமீட்டர் அமிழும். சிறு அலையும் உள்ளே புகும். 60 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள படகின் பரப்பு சுமார் 900 சதுர சென்டிமீட்டர். அதே சுமைக்கு அது 3 மில்லிமீட்டரே அமிழும். அளவு இரு மடங்கு, ஆனால் பரப்பு நான்கு மடங்கு.

கையில் ஏற்கெனவே சிறு படகு இருப்பின், வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சமையலறைத் தராசில் 300 கிராம் உப்பை நிறுத்து, உறையில் கட்டி, படகில் வைத்து, பெரிய தொட்டியில் மிதக்க விடுக. படகின் விளிம்பு நீருக்கு மேல் இரண்டு விரற்கடையேனும் நிற்றல் வேண்டும். நில்லாவிடில் அதற்காக மேலும் ஒரு காசு செலவிட வேண்டாம்.

மூன்று வழிகள்

முதல் வழி, சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பொம்மைப் படகு. பெரும்பாலும் இதில் சுக்கான் இராது. இரண்டு மோட்டார்கள் இருக்கும். ஒன்று நின்று மற்றொன்று சுழன்றால் படகு திரும்பும். தானியங்கிச் சோதனைக்கு இம்முறை மிகவும் உகந்தது. ஆனால் ஒரு குறை உண்டு. ரேடியோ வாங்கியும் மோட்டாரைச் செலுத்தும் பகுதியும் ஒரே பலகையில் ஒட்டியிருக்கும். கணினிப் பலகை பேசும் மொழி வேறு. அது ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் மைக்ரோ நொடி வரை நீளும் மின் துடிப்புகளால் பேசும். ஆயிரத்தைந்நூறு என்றால் நில் என்று பொருள். பொம்மையின் பலகைக்கு அந்த மொழி தெரியாது. ஆகவே, அப்பலகையை எடுத்துவிட்டு, மோட்டார்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இரண்டு பொருத்த வேண்டும். இக்கருவிகள் மோட்டாரைப் பின்னோக்கியும் சுழற்றக்கூடியனவா என்று கேட்டு வாங்குக. பின்னோக்கிச் சுழலாத படகு கரையில் முட்டினால் முட்டியபடியே நிற்கும்.

இரண்டாம் வழி, மீன் பிடிப்போர் இரையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லப் பயன்படுத்தும் படகு. அகலமானது, மெல்லச் செல்வது, இரு மோட்டார் உடையது, ஒரு கிலோ எடைக்கும் அஞ்சாதது. விலை சற்று மிகுதி. இதில் ஜி.பி.எஸ். பொருத்தியே விற்கும் வகையும் உண்டு. பொத்தானை அழுத்தினால் அதுவே திரும்பி வரும். அவ்வகையை வாங்கினால் பிள்ளைக்குக் கற்க என்ன இருக்கின்றது? ஜி.பி.எஸ். இல்லாததையே வாங்குக. ரிமோட் பழுதான பழைய படகு மலிவாகக் கிடைத்தால் அதுவே போதும். உடலும் மோட்டாரும் நன்றாயிருத்தல் ஒன்றே நமக்குத் தேவை.

மூன்றாம் வழி, நாமே கட்டுவது. மிகவும் மலிவானதும் இதுவே. 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாய் இரண்டினை, 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, இரு முனைகளையும் நீர் புகாமல் மூடி, இடையில் பலகை வைத்துப் பிணைத்தால் படகு ஆயிற்று. இக்குழாய்கள் பாதி மூழ்கிய நிலையில் 3.3 கிலோ எடையைத் தாங்கும். குழாயின் எடை போக, கருவிகளுக்கும் மோட்டாருக்கும் ஏறக்குறைய 2 கிலோ மிஞ்சும். இவ்விரட்டை உடற் படகை ஆங்கிலத்தில் குறிக்கும் சொல், நம் கட்டுமரம் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. நம் மீனவரின் கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துப் பிணைத்த மிதவை, அமைப்பு வேறு. ஆயினும் சொல் நம்முடையது.

இம்மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால், கைவேலையில் பழகிய பிள்ளைக்கு மூன்றாவது, பழகாத பிள்ளைக்கு இரண்டாவது என்போம். முதலாவதை, சுமைச் சோதனையில் தேறினால் மட்டுமே கொள்க.

பணத்தை எவ்வாறு பங்கிடுவது?

எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் வாங்கிவிடுதல் கூடாது. முதல் மாதம் படகும், மோட்டாரும், கையால் செலுத்தும் ரிமோட்டும் போதும். படகு நேராகச் செல்கின்றதா, நீர் புகுகின்றதா, பாட்டரி எத்தனை நிமிடம் நிற்கின்றது என்று பார்க்கட்டும். இவை சரியான பின்னரே கணினிப் பலகையும் ஜி.பி.எஸ். கருவியும் வாங்க வேண்டும். திசைகாட்டியை மோட்டாருக்கும் பாட்டரிக்கும் அருகில் வைத்தால், அவற்றின் காந்த விசையால் அது பொய் சொல்லும். சிறு கம்பம் நாட்டி, அதன் உச்சியில் வைக்க வேண்டும். இதற்குச் செலவில்லை, மூங்கில் குச்சி போதும். முதற் சோதனையாக, 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களைக் குறித்து, படகைப் பத்து முறை போய் வரச் செய்க. ஒவ்வொரு முறையும் எவ்வளவு விலகிற்று என்பதை நோட்டில் எழுதுக. அந்த நோட்டுதான் உண்மையான கல்வி.

பெற்றோர் கவனத்துக்கு

ஏரியில் படகு விடுமுன் அதற்கு உரியவர்களிடம் அனுமதி பெறுதல் முறை. நகரத்து ஏரிகள் பலவற்றில் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கும். அது மோட்டார் விசிறியைச் சுற்றிக்கொண்டால் படகு நடுநீரில் நின்றுவிடும். எனவே, முதற் சில நாட்கள் படகின் பின்புறம் நீண்ட மெல்லிய கயிறு கட்டியே விடுக. கயிறு விசிறியில் சிக்காதபடி கம்பத்தின் மேல்முனையில் கட்டுக. ரிமோட்டில் ஒரு விசையைத் தட்டினால் கணினி விலகி, கைச் செலுத்துகை திரும்பும்படியும், ரேடியோத் தொடர்பு அறுந்தால் மோட்டார் நின்றுவிடும்படியும் முன்னரே அமைத்தல் வேண்டும். லித்தியம் பாட்டரியை ஆளில்லாத வேளையில் மின்னேற்ற வேண்டாம். நனைந்ததையும் உப்பியதையும் மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வோம். நின்றுபோன படகை எடுக்க எந்தப் பிள்ளையும் நீரில் இறங்குதல் கூடாது. ஏரியின் சேறும் கொடியும் நீந்தத் தெரிந்தவரையும் பற்றிக்கொள்ளும். படகு போனால் போகட்டும் என்று பெற்றோர் முன்னரே வாய்விட்டுச் சொல்லி வைத்தல் நலம். விலை மிகுந்த படகை வாங்கிக் கொடுத்தவர்க்கு அச்சொல் எளிதில் வாராது. மலிவான படகே நல்லது என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே குடியிருப்பில் வாழும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகு வாங்கினால் செலவும் பகிரப்படும். பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் துணையாவர். மெல்லச் செல்லும், அகலமான, எளிதில் பிரித்துப் பூட்டக்கூடிய படகு எதுவோ, அதனைத் தேர்ந்து கொடுப்போம். வழி காணும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவோம்.