குழந்தையை மல்லாக்கத் தூங்க வையுங்கள்

இரவு பால் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய குழந்தை காலையில் கண் விழிக்கவில்லை. காய்ச்சலோ காயமோ இல்லை. பிரேதப் பரிசோதனை செய்து, தூங்கிய இடத்தை ஆராய்ந்து, மருத்துவக் குறிப்புகளைப் பார்த்தும் காரணம் தெரியவில்லை. ஒரு வயது நிறையாத குழந்தை இவ்வாறு இறப்பதை மருத்துவர்கள் 'திடீர் சிசு மரணம்' என்கின்றனர்.

இத்தகைய மரணம் நேர்ந்தால் "தாய் சரியாகக் கவனிக்கவில்லை" என்றும் "தோஷம்" என்றும் பேசுவோர் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவரை இப்பேச்சு மேலும் வதைக்கும். இம்மரணம் யாருடைய குற்றமும் அல்ல. ஆனால், இதற்கான ஆபத்தைக் குறைக்க வழி இருக்கிறது.

காரணம் என்ன?

அமெரிக்க மருத்துவர்கள் ஃபிலியானோவும் கின்னியும் 1994ஆம் ஆண்டில் தந்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது. மூன்று அம்சங்கள் ஒன்றுசேரும்போது ஆபத்து எழுகிறது என்றனர். முதலாவது, குழந்தையிடம் உள்ள மறைவான பலவீனம். மூச்சுத் திணறினால் விழித்துக்கொள்ளச் செய்யும் மூளைப்பகுதி சில குழந்தைகளுக்குச் சரியாக இயங்குவதில்லை. இரண்டாவது, வயது. முதல் ஆறு மாதங்களில், குறிப்பாக இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள், இம்மரணங்கள் அதிகம். மூன்றாவது, தூங்கும் சூழல். முதல் இரண்டும் நம் கையில் இல்லை; மூன்றாவது இருக்கிறது.

பாட்டி சொன்னது தவறா?

"என் பிள்ளைகளைக் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தேன்" என்று பாட்டிமார் சொல்வார்கள். அது அவர்கள் தவறல்ல. அக்காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே அப்படித்தான் அறிவுரை கூறினர். புகழ்பெற்ற டாக்டர் ஸ்போக்கின் குழந்தை வளர்ப்பு நூலும் 1950களின் இறுதியிலிருந்து அதையே சொன்னது. பின்னர் வந்த ஆய்வுகள் அது ஆபத்து என்று காட்டின. 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் மல்லாக்கப் படுக்க வைக்கும் இயக்கம் தொடங்கியது. அமெரிக்காவில் இம்மரணங்களின் விகிதம் 1990க்கும் 2000க்கும் இடையே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் புரையேறாதா? ஏறாது. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது. கக்கும் பால் மேலேறி அதற்குள் போவது கடினம். குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழாகிறது. ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் பாதுகாப்பன்று. குழந்தை எளிதில் குப்புறச் சாய்ந்துவிடும்.

படுக்கை எப்படி இருக்க வேண்டும்?

கெட்டியான, சமதளமான மெத்தையும் இறுக்கமாக விரித்த துணியும் போதும். தலையணை, போர்வை, பொம்மை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பு எதுவும் வேண்டாம். குழந்தை பயப்படாமல் தூங்குவதற்காக மார்பின்மீது சிறு தலையணை வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சேலைத் தொட்டிலிலும் ஸ்பிரிங் தொட்டிலிலும் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு தடைபடலாம். தாலாட்டித் தூங்கியதும் சமதளப் படுக்கைக்கு மாற்றுங்கள்.

குறைந்தது முதல் ஆறு மாதம் குழந்தை உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும். குழந்தையை அணைத்தபடி சோபாவில் கண்ணயர்வது மிக ஆபத்தானது. நம் நாட்டு வெப்பத்திற்கு மெல்லிய சட்டை போதும். வீட்டுக்குள் தொப்பி வேண்டாம். கழுத்து வியர்த்திருந்தால் ஆடை அதிகம் என்று பொருள்.

கர்ப்ப காலத்தில் தாய் புகைப்பதும், பிறந்தபின் குழந்தையின் அருகில் யாரும் புகைப்பதும் ஆபத்தைக் கூட்டும். குறைமாதத்திலும் எடை குறைவாகவும் பிறந்த குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. தாய்ப்பால் பாதுகாப்பு அளிக்கிறது. தடுப்பூசியால் இம்மரணம் வருவதில்லை. அதைத் தவறாமல் போடுங்கள்.

குழந்தை விழித்திருக்கும்போது உங்கள் கண் முன்னே குப்புறப் படுத்து விளையாடட்டும், கழுத்து வலுப்பெறும்.

எல்லாரும் அறிய வேண்டும்

தாய் மட்டும் அறிந்திருந்தால் போதாது. மல்லாக்கத் தூங்கிப் பழகிய குழந்தையை ஒருநாள் குப்புறப் போட்டால் ஆபத்து பன்மடங்கு. ஆகவே தாத்தா பாட்டி, பணிப்பெண், பராமரிப்பு நிலையத்தார் என்று குழந்தையைத் தூங்க வைக்கும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லுங்கள். "பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது" என்று தயங்க வேண்டாம். மரியாதையாக எடுத்துச் சொன்னால், பேரப்பிள்ளையின் நலனுக்காக அவர்கள் கட்டாயம் ஏற்றுக்கொள்வார்கள்.