மூடிய பெட்டிக்குள் ஓர் அழுத்தம்

2009-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பனிச்சறுக்குப் பயின்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கீழே விழுந்தார். வெளிக்காயம் இல்லை. இயல்பாகப் பேசினார், வைத்தியம் வேண்டாம் என்றார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தலைவலி தொடங்கிற்று. மார்ச் 18 அன்று இறந்துபோனார். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே இரத்தம் கசிந்து கட்டியிருந்தது.

அந்த ஒரு மணி நேரம் எல்லோரையும் ஏமாற்றியது எப்படி? விடை பௌதிகத்தில் இருக்கிறது.

வளர்ந்தவரின் மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. அதனுள் மூளை சுமார் 1,400 மில்லிலிட்டர், இரத்தம் 150, மூளையைச் சூழ்ந்த தெளிந்த நீர் 150. மூன்றையும் அமுக்கிச் சுருக்க முடியாது. ஆகவே புதிதாக ஒன்று உள்ளே இடம் பிடித்தால், இருப்பதில் ஒன்று வெளியேறியே தீரவேண்டும். ஸ்காட்லாந்து மருத்துவர்களான அலெக்சாண்டர் மன்றோ 1783-லும் ஜார்ஜ் கெல்லி 1824-லும் கூறிய கருத்து இது.

முதலில் அந்த நீர் முதுகுத்தண்டின் பக்கம் ஒதுங்குகிறது. சிரை இரத்தமும் சிறிது வெளியேறுகிறது. அதனால் அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை. அடிபட்டவரும் நன்றாகவே இருக்கிறார். ஒதுங்குவதற்கு இனி ஒன்றுமில்லை என்ற நிலை வந்ததும், சில மில்லிலிட்டர் கூடினாலே அழுத்தம் செங்குத்தாக ஏறிவிடும்.

படுத்திருக்கும்போது உள்ளழுத்தம் 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருப்பது இயல்பு. சராசரி இரத்த அழுத்தம் 90, உள்ளழுத்தம் 10 என்று கொள்வோம். இரத்தத்தை மூளைக்குள் தள்ளக் கிடைப்பது 80. உள்ளழுத்தம் 40 ஆனால் மிஞ்சுவது 50 தான். இரத்தம் போதாத மூளை, உடலின் இரத்த அழுத்தத்தை உயர்த்தச் செய்கிறது. அந்த உயர்வை உணர்ந்து இதயத்துடிப்பு குறைகிறது, மூச்சும் தாறுமாறாகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1901-ல் விவரித்த இந்த மூன்றும் மிகவும் பிந்திய அறிகுறிகள். "நாடி நிதானமாகத்தானே அடிக்கிறது" என்று ஆறுதல் கொள்வது விபரீதம்.

வீட்டார் கண்ணில் பட வேண்டியவை இவற்றுக்கு முந்தியவை. விடாமல் கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, பார்வை இரட்டையாதல், பேச்சில் குழப்பம், எழுப்பினாலும் தெளியாத தூக்கக் கலக்கம். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று நாம் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி அறிகுறியைத்தான்! ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்திருந்தால், பிதுங்கிய மூளை அந்தப் பாவையைச் சுருக்கும் நரம்பை நசுக்குகிறது என்று அஞ்ச வேண்டும். உச்சிக்குழி மூடாத கைக்குழந்தைக்கு, அழாதபோதும் அக்குழி புடைத்து நிற்கும்.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும், சி.டி. ஸ்கேனும் மூளை அறுவை வசதியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லவேண்டும். மண்டையோட்டைத் திறந்து, கட்டிய இரத்தத்தைக் காலத்தில் அகற்றினால் முழுக் குணம் பெறுவோர் பலர்.