டெங்கு ரிப்போர்ட்: பிளேட்லெட்டை மட்டும் பார்த்தால் போதுமா?

"இன்னைக்கு பிளேட்லெட் எவ்வளவு?" மழைக்காலத்தில் எந்தக் காய்ச்சல் வார்டுக்குப் போனாலும் முதலில் காதில் விழும் கேள்வி இதுதான். காலையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் அந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்து, ஊரில் இருப்பவர்களுக்கு போனில் சொல்லிவிடுவார்கள். ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் பதற்றம். ஐம்பதாயிரத்துக்குக் கீழே போனால், "பிளேட்லெட் ஏத்தணுமா டாக்டர்?" என்ற கேள்வி.

ஆனால், டெங்கு உயிருக்கு ஆபத்தாக மாறுவது பெரும்பாலும் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் குறைவதால் மட்டும் அல்ல. அதே ரிப்போர்ட்டில் பலரும் தாண்டிப் போகும் இன்னொரு வரி இருக்கிறது. பி.சி.வி. அல்லது ஹீமடோகிரிட் என்று அச்சிட்டிருப்பார்கள். மருத்துவரின் கண் முதலில் போவது அங்கேதான்.

பி.சி.வி. என்ன சொல்கிறது?

ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் இருக்கின்றன என்பதுதான் பி.சி.வி. மீதியில் பெரும்பகுதி பிளாஸ்மா என்ற திரவம். தீவிர டெங்குவில் ரத்த நாளங்களின் சுவர் தளர்ந்து, பிளாஸ்மா வெளியே கசிகிறது. நுரையீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் நீராகத் தேங்குகிறது. சிவப்பணுக்கள் நாளத்துக்குள்ளேயே இருப்பதால் ரத்தம் கெட்டியாகிறது. தண்ணீர் வற்றினால் குழம்பு கெட்டியாவது போலத்தான். அப்போது பி.சி.வி. ஏறும்.

அடிப்படை அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கணிசமான கசிவு என்று பொருள். அதாவது, 40 ஆக இருந்தது 48 ஆவது.

இரண்டு ரிப்போர்ட்டுகள்

ஒரே வார்டில் இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவருக்குத் தட்டணுக்கள் 25,000. ஆனால் பி.சி.வி. மூன்று நாளாக 40-ஐ ஒட்டியே இருக்கிறது. இட்லி சாப்பிடுகிறார், சிறுநீர் ஒழுங்காகப் போகிறது, ரத்தக்கசிவு எதுவும் இல்லை. இரண்டாமவருக்குத் தட்டணுக்கள் 80,000. பி.சி.வி. 40-லிருந்து 49-க்கு ஏறிவிட்டது. வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை.

உறவினர்கள் கூட்டம் முதல் கட்டிலைச் சுற்றி நிற்கும். டாக்டர் உடனே போக வேண்டியது இரண்டாவது கட்டிலுக்கு.

ரத்த அழுத்தத்திலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. 100/80 என்றால் "பி.பி. நார்மல்தானே" என்று தோன்றும். ஆனால் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் குறைவாகச் சுருங்குவது, டெங்கு அதிர்ச்சி நிலையின் அடையாளம். கை கால் சில்லிட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காய்ச்சல் விட்டதும் ஏன் கவனம்?

டெங்குவின் ஆபத்தான கட்டம் பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில் தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். "காய்ச்சல் விட்டுடுச்சு, இனி பயமில்ல" என்று வீட்டுக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். அதனால் காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்து, மருத்துவரிடம் சொல்வது முக்கியம்.

தட்டணுக்கள் ஏற்ற வேண்டாமா?

ரத்தக்கசிவு இருந்தால் மருத்துவர் முடிவெடுப்பார். கசிவே இல்லாதவருக்கு, எண் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஏற்றலாமா? சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் தட்டணுக்கள் 20,000 அல்லது அதற்கும் கீழே இருந்த பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. முன்கூட்டியே தட்டணுக்கள் ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை. ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு 10,000-க்குக் கீழே போனால் பரிசீலிக்கலாம் என்பது இந்தியாவின் தேசிய வழிகாட்டுதல்.

பப்பாளி இலைச் சாறு எண்ணிக்கையைக் கூட்டுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொன்னாலும், பிளாஸ்மா கசிவை அது நிறுத்தும் என்று நிரூபிக்கப்படவில்லை. அதை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

ட்ரிப்ஸ் அதிகம் போட்டால் நல்லதா?

கசிவு நேரத்தில் உயிரைக் காப்பது சரியான அளவு சலைன். அந்த அளவைப் பி.சி.வி., நாடித்துடிப்பு, சிறுநீர் ஆகியவற்றைப் பார்த்து அவ்வப்போது கூட்டியும் குறைத்தும் தருவார்கள். ஓரிரு நாளில், வெளியே கசிந்த பிளாஸ்மா மறுபடி ரத்தத்துக்குள் திரும்பும். அப்போதும் ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். "இன்னும் ஒரு பாட்டில் போடுங்க" என்று வற்புறுத்துவது உதவியாகாது.

பி.சி.வி. இறங்குவதிலும் இரண்டு அர்த்தம் உண்டு. நோயாளி தெம்பாக இருந்து இறங்கினால் குணமாகிறார். நாடி வேகமாகி, சோர்ந்துபோய் இறங்கினால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரையும் ஊசியும் ரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை, கூடாது. இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல், உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று திரவ உணவை அடிக்கடி கொடுக்கலாம்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

• கடுமையான வயிற்றுவலி
• நிற்காத வாந்தி
• ஈறு, மூக்கில் ரத்தம், கறுப்பு மலம்
• மூச்சுத் திணறல்
• அளவுமீறிய சோர்வு, அமைதியின்மை, குழப்பம்
• ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது

அடுத்த முறை ரிப்போர்ட் கையில் வரும்போது, பிளேட்லெட்டோடு இன்னொன்றையும் கேட்கலாம்: "டாக்டர், நேத்து பி.சி.வி. எவ்வளவு, இன்னைக்கு எவ்வளவு?"