கெப்பல் துறைமுகத்தின் பெயருக்குப் பின்னால்

ரயிலில் சிங்கப்பூர் போய்வந்த தலைமுறைக்குக் கெப்பல் சாலை நன்றாக நினைவிருக்கும். 2011இல் மூடப்பட்ட தஞ்சோங் பகார் ரயில் நிலையம் அந்தச் சாலையில்தான் இருந்தது. பக்கத்திலேயே கெப்பல் துறைமுகம். அந்தக் கெப்பல் யார்?

ஹென்றி கெப்பல் 1809இல் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மகனாகப் பிறந்தார். 12 வயதிலேயே கடற்படைப் பயிற்சிக்குப் போய்விட்டார். 'டைடோ' கப்பலின் தலைவராக இந்த வட்டாரத்துக்கு வந்தபோது, சரவாக்கில் ஜேம்ஸ் புரூக் தம் ஆட்சியை நிலைநாட்டத் தொடங்கியிருந்தார். கடற்கொள்ளையரை ஒடுக்க வேண்டும் என்று புரூக் உதவி கேட்க, கெப்பல் ஒத்துக்கொண்டார்.

1843இல் சரிபாஸ் ஆற்றிலும், 1844இல் பாத்தாங் லூப்பார் ஆற்றிலும் படகுகளில் வீரர்கள் ஏறிச் சென்றார்கள். கோட்டைகள் தகர்ந்தன, பாடே, பாத்துசான் போன்ற குடியிருப்புகள் தீக்கிரையாயின. கடலோரக் கொள்ளை நடந்தது உண்மைதான். ஆனால் எரிந்த வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் கொள்ளையரா, புரூக்கின் ஆட்சியை ஏற்காதவர்களும் அதில் உண்டா என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. கெப்பல் எழுதிய போர்னியோ நூல் 1846இல் வெளிவந்தது. இங்கிலாந்து மக்கள் அறிந்தது அவர் சொன்ன கதையைத்தான்.

1848இல் 'மேயாண்டர்' கப்பலில் மீண்டும் வந்தார். சிங்கப்பூரின் தென்கரையில், தீவுகள் காற்றை மறைக்கும் ஆழமான நீர்ப்பகுதி பெரிய கப்பல்களுக்கு ஏற்றது என்பதைக் கண்டு எடுத்துச் சொன்னார். 1852இல் பி அண்ட் ஓ நிறுவனம் அங்கே கப்பல் துறை கட்டியது. நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற இங்கே வந்தன. அப்போது அதற்குப் பெயர் வெறும் 'புதிய துறைமுகம்'.

1857இல் அவருடைய 'ராலே' கப்பல் மக்காவ் அருகே, வரைபடத்தில் இல்லாத பாறையில் மோதி நாசமானது. ராணுவ நீதிமன்றம் அவரை விடுவித்தது. கப்பலை இழந்தும் பதவி உயர்வுக்குத் தடை வரவில்லை; மேலிடத்துச் செல்வாக்கும் கைகொடுத்திருக்க வேண்டும். 1877இல் கடற்படையின் மிக உயர்ந்த பதவியை எட்டினார்.

1900இல், 90 வயதில் சிங்கப்பூருக்கு வந்தார். அப்போதுதான் புதிய துறைமுகம் கெப்பல் துறைமுகம் ஆனது. 1904இல் தமது 94வது வயதில் அவர் காலமானார்.