மௌனமாய் எழுந்து செல்லும் விருந்தினர்

கன்னிவாடியிலிருந்து அலுவலின் பொருட்டுத் திண்டுக்கல் செல்வோர், அங்கு ஒரு வேளை பிரியாணி உண்டு திரும்புவது வழக்கம். நமக்கும் குருமடத்தில் பயின்ற நாள்முதல் பழகிய உணவு விடுதி ஒன்று அந்நகரில் உண்டு. அதன் முதலாளி இலையருகே வந்து நின்று, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்பார்.

சில ஆண்டுகள் கழித்து அண்மையில் அங்குச் சென்றோம். பெயர்ப்பலகை புதிது; குளிர்சாதன அறையும் இருந்தது. ஆனால் இலையில் விழுந்தது சீரக சம்பா அன்று. வேறு ஏதோ நீண்ட அரிசி. பொடிமணியான சீரக சம்பா கறியின் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும்; திண்டுக்கல் பிரியாணியின் சுவைக்கு அதுவே அடிப்படை. இறைச்சி வேகவில்லை. வறுவலில் பழைய எண்ணெயின் நெடி. அருகே வந்து கேட்பார் எவருமிலர்.

நாம் என் செய்தோம்? பணத்தைக் கொடுத்துவிட்டு மௌனமாக வெளியேறினோம். பேருந்தில் உடன் வந்தவரிடம், "அந்தக் கடை முன்போல் இல்லை" என்றோம். ஊர் வந்து மேலும் இருவரிடம் சொன்னோம். அன்றிரவு மனம் உறுத்தியது. குறையை உரியவரிடம் கூறாது பிறரிடம் பரப்புதல் புறங்கூறுதல் அன்றோ? அது தகாதென்று பிறருக்குப் போதிப்பவரும் நாமே!

மறுமுறை சென்றபோது, இப்போது கடையை நடத்தும் முதலாளியின் மகனிடம் தனியே சொன்னோம். அவர் முகம் வாடிற்று. "வியாபாரம் குறைவது தெரிகிறது சாமி, ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. விலையைக் கூட்டினால் கூட்டம் வராதென்று அரிசியை மாற்றினேன்" என்றார்.

அன்புக் குடும்பத்தாரே, சொல்வதற்கு நமக்கு உரிமை உண்டு. பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சினால், அது சிதைவதால் உண்டாகும் சேர்மங்கள் பெருகும். அவை 25 விழுக்காட்டைக் கடந்தால் அவ்வெண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. உணவுப் பட்டியலில் சேவைக் கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கலாகாதென மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதி செய்தது. முறையிடுவதற்கு 1915 என்னும் தேசிய உதவி எண்ணும் உண்டு. ஆயினும், சட்டத்தின் கதவைத் தட்டுமுன் கல்லாவின் முன் நின்று அமைதியாக ஒரு சொல் கூறுவதே முதற்படி.

சின்னாள் கழித்து மீண்டும் சென்றோம். சீரக சம்பா திரும்பியிருந்தது, விலையும் கூடியிருந்தது. மனமுவந்து கொடுத்தோம். தரத்தைக் கேட்பவர் அதற்குரிய விலையைத் தரவும் கடமைப்பட்டவரே.