ஜெபமும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்

மகள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை, தனக்குள்ளேயே பேசிக்கொள்கிறாள். பல கிறிஸ்தவக் குடும்பங்கள் முதலில் ஓடுவது குருமனைக்குத்தான். மனநல மருத்துவரைப் பார்த்த சேதி வெளியே தெரிந்தால் கல்யாணப் பேச்சு நின்றுபோகும் என்ற பயம். போதகர் ஐயரைப் பார்ப்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1957-ல் நாடு தழுவி எடுத்த ஆய்வில், மனக் கஷ்டத்துக்கு உதவி தேடியவர்களில் 42 சதவீதம் பேர் மதகுருக்களிடமே போயிருந்தார்கள். அப்படி வருகிறவர்களைக் கையாள குருக்களுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் ஆன்டன் பாய்சன். போதகரான அவரே 1920-ல் மனம் பேதலித்து, மாசசூசெட்ஸில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே ஆராதனை நடத்த வந்த ஒருவர், இடறும் கண்ணைப் பிடுங்கி எறியச் சொல்லும் வேதப்பகுதியை எடுத்துப் பிரசங்கித்தார். கூட இருந்த நோயாளி யாராவது அப்படியே செய்துவிடுவாரோ என்று பாய்சன் பதறினார். போதகருக்கு வசனம் தெரிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் நோய் தெரியவில்லை.

குணமான பாய்சன், 1924-ல் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளினாக, அதாவது மருத்துவமனைப் போதகராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கோடையில் இறையியல் மாணவர்களை அழைத்துவந்து, வார்டு உதவியாளர்களாக வேலை பார்க்கவிட்டுப் பயிற்சி கொடுத்தார்.

இந்தப் பயிற்சியில் பிற்பாடு 'வெர்பேட்டிம்' என்ற முறை சேர்ந்தது. நோயாளியோடு பேசியதை மாணவர் வரிக்கு வரி எழுதிவர வேண்டும். "வாழவே பிடிக்கலை ஐயா" என்கிறார் நோயாளி. "ஜெபிப்போம்" என்கிறார் மாணவர். பயிற்றுநர் அங்கேயே நிறுத்துவார்: அவர் சொன்னதைக் கேட்க உமக்குப் பயமா? சாகத் தோன்றுகிறதா என்று ஏன் நேராகக் கேட்கவில்லை? அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. உள்ளே புழுங்குகிறவர் வாய் திறக்க அது உதவும்.

இந்தப் பயிற்சி போதகரை அரை டாக்டர் ஆக்குவதில்லை. தன் எல்லை எது, யாரை உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறது. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்கும் போதகரால் நோய் முற்றும். வீடு சந்திப்புக்குப் போகும்போது "மாத்திரை போட்டாயாம்மா?" என்று விசாரிக்கிறவரால், பாதியில் நிற்கவிருந்த சிகிச்சை தொடரும். அந்த வீட்டுக்குள் மருத்துவர் போக முடியாது, ஐயர் போகலாம்.

நம் அரசின் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண் 14416-ஐ ஆலய அறிவிப்புப் பலகையில் எழுத இன்றே ஆள் போடலாம். எபிரேயமும் கிரேக்கமும் படித்துவரும் குருமாணவருக்கு, மனநல வார்டில் சில வாரப் பயிற்சி முடிக்காமல் குருப்பட்டம் இல்லை என்று திருச்சபைகள் விதி வகுக்கட்டும்.