பாய்காட் செய்த பாய்காட்!

எங்கள் ஆபீஸ் கேன்டீனில் காபி விலையை ஏற்றிவிட்டார்கள். "பாய்காட் பண்ணிடலாம் சார்!" என்றது ஒரு குரல். "யாரு, அந்தக் கட்டை போடற கிரிக்கெட்காரனா?" என்றார் பக்கத்து ஸீட் பெரியவர். எல்லோரும் சிரித்தோம். ஆனால் இரண்டும் ஒரே பெயர்தான்!

இங்கிலாந்திலேயே அபூர்வமான குடும்பப் பெயர் அது. கேப்டன் சார்லஸ் பாய்காட், 1880-ல் அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஒரு பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட். குத்தகையைக் குறைக்கச் சொன்னார்கள் குடியானவர்கள். இவர் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் விட்டார். அவ்வளவுதான்! வேலையாட்கள் நின்றார்கள். கடையில் சாமான் கிடையாது. தபால்கூட வரவில்லை. அறுவடைக்கு வெளியூரிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவல், ஆயிரத்துக்கும் மேல் பட்டாளமும் போலீஸும்! டிசம்பரில் மனுஷன் அயர்லாந்தை விட்டே கிளம்பிவிட்டார். பெயர் மட்டும் டிக்ஷனரியில் தங்கிவிட்டது. பாவம், வில்லனாக!

ஜெஃப்ரி பாய்காட் கதை இன்னும் வேடிக்கை. 1967-ல் லீட்ஸில் நம்மவர்களுக்கு எதிராக 246 நாட் அவுட். ரொம்ப மெதுவாக அடித்தார் என்று அடுத்த டெஸ்டில் உட்கார வைத்தார்கள்! 1974-ல் டெஸ்டே வேண்டாமென்று தானாகவே மூன்று வருஷம் ஒதுங்கினார். 1982-ல், தென்னாப்பிரிக்காவோடு யாரும் ஆடக்கூடாது என்றிருந்தபோது அங்கே போய் ஆடியவர்களில் இவரும் ஒருவர்! மூன்று வருஷத் தடை. 8114 ரன்களோடு டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது.

கேன்டீன் என்ன ஆச்சு என்கிறீர்களா? நாலு மணிக்குத் தலைவலி தாங்காமல் போனேன். க்யூவில் எனக்கு முன்னால் அந்த 'பாய்காட்' குரல்காரர்!